கண்டல் நடப் போன சனிக்கிழமை

றஜிந்தன்: ...அதை விடும். அங்கை பாரும், இடப்பக்கம். உந்த மஞ்சள் பலகை.

மதுரா: எது... ஓ. வளைவு எண்டு போட்டிருக்கு.

றஜிந்தன்: ரோட்டு வளையுதோ?

மதுரா: இல்லை. நேராத்தான் போகுது.

றஜிந்தன்: தார்க் கார்ப்பெற் போடேக்கை ரோட்டை நிமித்திப் போட்டாங்கள். பலகையைக் கழட்ட மறந்திட்டாங்கள். நான் இதிலை வந்தா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஸ்பீட்டைக் குறைக்கிறனான்.

மதுரா: வளைவு இல்லாமலோ?

றஜிந்தன்: பாவமெல்லே. இவ்வளவு காலமா நிண்டு சொல்லிக்கொண்டிருக்குது. ஒராளெண்டாலும் கேக்கோணும்.

மதுரா: ...

றஜிந்தன்: சிரிக்கிறீரோ?

மதுரா: சிரிச்சனான்.

றஜிந்தன்: ஹெல்மெற்றுக்குள்ளை எனக்கு ஒண்டும் கேக்காது. சத்தம் போட்டுச் சிரியும்.

மதுரா: எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வராது.

றஜிந்தன்: கலியாண எழுத்து எழுதி ஒண்டரை மாசம். மனிசியின்ரை சிரிப்பை இன்னும் கேக்கேல்லை எண்டு சொன்னா ஆரும் நம்புவினமோ?

மதுரா: இன்னும் மனிசி இல்லை.

றஜிந்தன்: பதிவுகாரருக்கு முன்னாலை கையெழுத்து வைச்சனீரோ இல்லையோ?

மதுரா: வைச்சனான். ஆனா தாலி கட்டேல்லை.

றஜிந்தன்: அதுதான் எனக்கு விளங்குதில்லை. சட்டப்படி நீர் என்ரை மனிசி. உம்மை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போக மாமியிட்டை அனுமதி கேட்டு நிக்கிறன்.

மதுரா: தாலி கட்டுமட்டும் எல்லா வீட்டிலையும் அப்பிடித்தானே. கடற்கரையிலை கண்டல் மரம் நடப் போறம், இருவது பேர் வருவினம் எண்டு சொன்னபடியாத்தான் அம்மா விட்டவ. அதுவும் யோசிச்சு யோசிச்சு.

றஜிந்தன்: அப்ப கண்டலுக்குத்தான் நன்றி சொல்லோணும். அது சரி, ஏன் பின்னுக்குக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீர்?

மதுரா: பிடிமானத்துக்கு.

றஜிந்தன்: முன்னாலை ஒரு தோள் சும்மாதான் கிடக்கு.

மதுரா: ரோட்டைப் பாத்து ஓடுங்கோ.

றஜிந்தன்: நெல்லியடியிலையிருந்து சாவகச்சேரிக்கு நேரை வந்திருந்தா இவ்வளவுக்குத் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிருப்பன். வட்டுக்கோட்டைக்கு வந்து, டவுனைச் சுத்தி, இப்பதான் நாவற்குழிப் பாலம் கழியுது. தோளைக் காட்டினா ரோட்டைக் காட்டுறீர்.

மதுரா: நான் பஸ்ஸிலை வாறன் எண்டு சொன்னனான்தானே.

றஜிந்தன்: சொன்னனீர், சொன்னனீர். ...ஆ, இன்னொண்டு! வலப்பக்கம். «இங்கு குப்பை கொட்டாதீர். கமரா கண்காணிப்பில் உள்ளது.»

மதுரா: குப்பை கிடக்குது.

றஜிந்தன்: குப்பையை விடும். கமராவைப் பாரும்.

மதுரா: கறுப்பாய்... மேலை... ஓம், இருக்கு.

றஜிந்தன்: அது கமரா இல்லை. ரண்டு அங்குலப் பிவிசி எல்போ, தண்ணிப் பைப்பை வளைக்கப் போடுறது. கறுப்புப் பெயின்ற் அடிச்சுக் கம்பத்திலை கட்டியிருக்கினம்.

மதுரா: உண்மையாவோ?

றஜிந்தன்: ஹாட்வெயார்க்காரனுக்கு எல்போ தெரியாதோ? என்ரை கடையிலை வாங்கினதாயும் இருக்கலாம்.

மதுரா: ...

றஜிந்தன்: இப்ப சிரிச்சது கேட்டது. கொஞ்சம்.

மதுரா: இஞ்சருங்கோ...

றஜிந்தன்: என்ன சொன்னீர்?

மதுரா: ஒண்டுமில்லை.

றஜிந்தன்: இல்லை, «இஞ்சருங்கோ» எண்டனீர். இதுவரைக்கும் என்னை ஒண்டும் சொல்லிக் கூப்பிடேல்லை. மெசேச்சிலையும் «வணக்கம்» எண்டுதான் தொடங்குறனீர், அரசாங்கக் கந்தோருக்கு எழுதிற மாதிரி.

மதுரா: வாய் தவறி வந்திட்டுது.

றஜிந்தன்: தவறட்டும், தவறட்டும். சொல்லும்.

மதுரா: உது... அந்தக் கல்லிலை கண்டிக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டு போட்டிருக்கு.

றஜிந்தன்: கண்டி வீதிதானே. இப்பிடியே ஓடினா பின்னேரம் மலைக்குள்ளை நிப்பம்.

மதுரா: அதைப்பற்றித்தான் ஒண்டு கதைக்கோணும். பேராதனையாலை பதில் வந்திட்டுது.

றஜிந்தன்: என்ன?

மதுரா: பேராதனைக் கம்பஸ். எம்ஃபில் செய்ய இடம் கிடைச்சிட்டுது. ரண்டு வருசம்.

றஜிந்தன்: ...அங்கை பாரும், அங்கை பாரும்!

மதுரா: என்ன?

றஜிந்தன்: மாடு கடக்கும் எண்ட பலகை. மாடு வந்து அதிலை கழுத்துத் தேய்க்குது.

மதுரா: ...ஓம்.

றஜிந்தன்: படத்திலை இருக்கிற மாட்டின்ரை காலைத் தேய்ச்சு அழிச்சுப் போட்டுது. வடிவாப் பாத்தனீரோ?

மதுரா: பாத்தனான். நான் சொன்னது கேட்டதோ?

றஜிந்தன்: காத்துக்கு ஒண்டும் கேக்கேல்லை. பேந்து சொல்லும்.

மதுரா: பேராதனை எண்டு சொன்னனான்.

றஜிந்தன்: பாரும், இது இன்னும் விசேசம். சுடலை. பக்கத்திலை «ஒலி எழுப்பாதீர்». ஆர் எழும்பப் போயினம் எண்டு பயந்து போட்டிருப்பினம்?

மதுரா: அங்காலை ஆஸ்பத்திரி இருக்கு. அதுக்குப் போட்டது.

றஜிந்தன்: நீர் சயன்ஸ் படிச்சனீர். எல்லாத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சுப் போடுவீர்.

மதுரா: நான் பேராதனை எண்டு சொன்ன உடனை உங்களுக்கு ஒரு பலகை தெரியுது. அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

றஜிந்தன்: ...சாவகச்சேரி வந்திட்டுது. இறங்கும். தேத்தண்ணி குடிப்பம்.

மதுரா: நேரம் போகேல்லையோ?

றஜிந்தன்: ஒன்பது மணிக்குத்தானே நடுகை. அவை ஒன்பது எண்டு சொன்னா பத்தரை. ...அண்ணை, ரண்டு தேத்தண்ணி! ஒண்டுக்குச் சீனி குறைவா.

மதுரா: ஆருக்குக் குறைவா?

றஜிந்தன்: உமக்குத்தான். எழுத்து அண்டைக்குக் குடிக்காமல் வைச்சிட்டுப் போனீரே, சீனி கூட எண்டு.

மதுரா: அதைப் பாத்தனீங்களோ?

றஜிந்தன்: வேறை என்னத்தைப் பாக்கிறது? முகத்தைப் பாக்கேலாமல் உம்மடை சித்திமார் சுத்தி நிண்டவை. கோப்பையைத்தான் பாத்தனான். அங்கை பாத்தீரோ, «வாகனம் நிறுத்தத் தடை». அந்தக் கம்பத்திலையே அந்தம்மா வாழைக்குலையைக் கட்டித் தூக்கி வியாபாரம் செய்யிறா. குலைக்குத் தடை இல்லைத்தானே.

மதுரா: இப்ப காத்தில்லை.

றஜிந்தன்: என்ன?

மதுரா: காத்துக்குக் கேக்கேல்லை எண்டனீங்கள். இப்ப காத்தில்லை. ஹெல்மெற்றும் இல்லை. சொல்லட்டோ?

றஜிந்தன்: ...சொல்லும்.

மதுரா: சித்திரை முடியத் தொடங்கும். பேராசிரியர் ஒராளின்ரை ஆய்வுகூடத்திலை வேலை, அதோடை படிப்பு. அங்கைதான் இருக்கோணும். ஆவணியிலை கலியாணம் வைச்சிருக்கினம். திங்கக்கிழமைதான் பதில் சொல்லக் கடைசி நாள்.

றஜிந்தன்: மாமி என்ன சொல்லுறா?

மதுரா: எழுத்து முடிஞ்ச பிள்ளையை ரண்டு வருசம் தெரியாத ஊருக்கு அனுப்பினா சனம் என்ன கதைக்கும் எண்டுறா. கலியாணம் முடிய வீட்டிலையிருந்து படிக்கட்டாம்.

றஜிந்தன்: வீட்டிலையிருந்து படிக்கேலாதோ?

மதுரா: ஆய்வுகூடம் வீட்டிலை இல்லை.

றஜிந்தன்: ம்.

மதுரா: நீங்கள் என்ன நினைக்கிறியள்?

றஜிந்தன்: தேத்தண்ணி ஆறுது. குடியும். அங்கை ஆக்கள் பாத்துக்கொண்டு நிப்பினம். கன்றும் வாடும். வாரும், பரவைக்கடல் கரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

மதுரா: ஓம். போவம்.

றஜிந்தன்: கோவமோ?

மதுரா: இல்லை.

றஜிந்தன்: கோவம் எண்டாலும் நீர் இந்தச் சத்தத்திலைதான் சொல்லுவீர் போல கிடக்கு. ஏறும். ...கம்பியைப் பிடிச்சாச்சோ?

மதுரா: பிடிச்சாச்சு.

றஜிந்தன்: இந்த ஒழுங்கையிலை ஒரு பலகையும் இல்லை. மனிசன் எப்பிடி ஓடுறது?

மதுரா: கதைச்சுக்கொண்டு ஓடலாம்.

றஜிந்தன்: ...

மதுரா: அந்தா, தண்ணி தெரியுது.

றஜிந்தன்: தண்ணி தெரியுது. ஆக்களைக் காணேல்லை. இடம் இதுதானே?

மதுரா: இதுதான். மீன்பிடிக்காரரின்ரை வாடிக் கொட்டில் ஒண்டு இருக்கும், அதுக்குப் பக்கத்திலை எண்டு நடுகை ஒழுங்கு செய்த வாகீசன் அண்ணை சொன்னவர்.

றஜிந்தன்: வாடி இருக்கு. வாகீசன் இல்லை. இருவது பேரும் இல்லை. ஒரு பலகை இருக்கு, புதுசாய்.

மதுரா: என்ன போட்டிருக்கு?

றஜிந்தன்: வாசிக்கட்டோ? «இக்கரையில் சோடியாக இருத்தல் தடை. மீறினால் பெற்றோருக்கு அறிவிக்கப்படும்.»

மதுரா: ஐயோ.

றஜிந்தன்: நல்ல எனாமல் பெயின்ற். மழைக்கும் போகாது.

மதுரா: வாங்கோ, போவம்.

அடைக்கலநாதன்: ஏய் தம்பி! பலகை வாசிக்கத் தெரியாதோ?

றஜிந்தன்: வாசிச்சுக்கொண்டுதான் ஐயா நிக்கிறம்.

அடைக்கலநாதன்: வாசிச்சா எடுக்கவேண்டியதுதானே மோட்டச்சைக்கிளை. வலையை அரைகுறையிலை போட்டிட்டு ஓடி வாறன். கிழமைக்கு ஒராள் காவல், இந்தக் கிழமை என்ரை முறை. உந்தச் சோடியளாலை எனக்கு மீனும் இல்லை, நித்திரையும் இல்லை.

றஜிந்தன்: நாங்கள் அப்பிடி ஆக்கள் இல்லை ஐயா.

அடைக்கலநாதன்: ஆர் வந்தாலும் இதைத்தான் சொல்லுறவை. கலியாணம் முடிச்சனீங்களோ?

றஜிந்தன்: ஓம்.

மதுரா: இன்னும் இல்லை.

அடைக்கலநாதன்: ...ரண்டிலை எது?

றஜிந்தன்: ரண்டும்தான்.

அடைக்கலநாதன்: என்னோடை பகிடி விடாதை தம்பி.

மதுரா: எழுத்து முடிஞ்சுது ஐயா. தாலி ஆவணியிலை.

அடைக்கலநாதன்: எங்களுக்குக் கோயிலிலை ஃபாதருக்கு முன்னாலை ஒரே நாளிலை எல்லாம் முடிஞ்சிடும். உங்களுக்கு ஏன் துண்டு துண்டா?

றஜிந்தன்: எழுத்துக்கு ஒரு நாள் நல்லாயிருந்துது. தாலிக்கு இன்னொரு நாள்தான் நல்லாயிருக்காம்.

அடைக்கலநாதன்: அப்ப இடையிலை நீங்கள் ரண்டு பேரும் ஆர்?

றஜிந்தன்: அதைத்தான் ஐயா நாங்களும் யோசிச்சுக்கொண்டு திரியிறம்.

அடைக்கலநாதன்: யோசிக்க இந்தக் கரைதானோ கிடைச்சது?

மதுரா: கண்டல் நட வந்தனாங்கள். இண்டைக்கு நடுகை எண்டு...

அடைக்கலநாதன்: கண்டலோ? அது இல்லைப் பிள்ளை. நேற்றுப் பின்னேரமே வாகீசன் தம்பி எனக்குப் போன் எடுத்துச் சொன்னவர். பிரதம விருந்தினருக்கு வேறை அலுவலாம். எல்லாருக்கும் அறிவிச்சாச்சு எண்டும் சொன்னவர்.

றஜிந்தன்: அப்பிடியோ? உமக்கு அறிவிக்கேல்லையோ மதுரா?

மதுரா: போனிலை... சார்ஜ் இல்லை.

அடைக்கலநாதன்: சரி, நான் நம்பிறன். நம்பினாலும் பலகையிலை போட்டபடி செய்யோணும். வீட்டு நம்பரைத் தாங்கோ. ஒரு சொல்லுக் கேட்டிட்டு விட்டிடுறன்.

றஜிந்தன்: அவவின்ரை வீட்டுக்கு எடுங்கோ.

மதுரா: வேண்டாம்! ...அவரின்ரை வீட்டுக்கு எடுங்கோ.

றஜிந்தன்: எங்கடை அம்மாவுக்குக் காது கேக்காது ஐயா.

மதுரா: போன கிழமை என்னோடை ஒரு மணித்தியாலம் போனிலை கதைச்சவ.

றஜிந்தன்: கதைச்சவ. நீர் சொன்னது ஒண்டெண்டாலும் கேட்டவவோ?

மதுரா: ...இல்லை.

அடைக்கலநாதன்: ரண்டு பேரும் வீட்டுக்கு எடுக்கவேண்டாம் எண்டுறியள். முடிஞ்சவை எண்டா ஏன் பயம்?

மதுரா: ஐயா, படம் இருக்கு. எழுத்து எழுதின அண்டைக்கு எடுத்தது. காட்டட்டோ?

அடைக்கலநாதன்: காட்டும் பாப்பம்.

றஜிந்தன்: சார்ஜ் இல்லை எண்டு சொன்னீர்?

மதுரா: ...கொஞ்சம் இருக்கு.

றஜிந்தன்: நல்லாத்தான் இருக்கு. எண்பத்தஞ்சு.

அடைக்கலநாதன்: கொஞ்சம் இரு தம்பி, கண்ணாடி போடுறன். ம்... மாலை. பதிவுகாரர். இது நீ. இது பிள்ளை. ஏன் பிள்ளை அழுற மாதிரி நிக்குது?

மதுரா: வெயில் ஐயா.

அடைக்கலநாதன்: வீட்டுக்குள்ளைதானே எடுத்திருக்கு? சரி, சரி. எனக்கென்னத்துக்கு. சோடி எண்டாலும் சரியான சோடிதான். ஒருத்தருக்கும் எடுக்கேல்லை.

றஜிந்தன்: பெரிய உபகாரம் ஐயா. கன்றுகள் எங்கை?

அடைக்கலநாதன்: அந்தா, வாடிக்குப் பின்னாலை. பைக்குள்ளை அடுக்கிக் கிடக்கு. ரண்டு கிழமையா நான்தான் தண்ணி ஊத்திறன்.

றஜிந்தன்: அப்ப வந்தது வந்தாச்சு. நாங்கள் ரண்டு பேரும் ஒரு அம்பதை நட்டுட்டுப் போகட்டோ?

அடைக்கலநாதன்: தொடக்கூடாது. முதல் கன்று பிரதம விருந்தினர்தான் வைக்கோணுமாம். அவர் வைக்காமல் ஒண்டும் நடவேண்டாம் எண்டு சொல்லிக் கிடக்கு.

மதுரா: எந்த இடத்திலை நடுறதாம்?

அடைக்கலநாதன்: இந்த முன்பக்கம்தான். கம்பு நாட்டியிருக்கு, பாரும்.

மதுரா: இதிலை அலை அடிக்கும். வேர் பிடிக்காது. அங்காலை, சேறாயிருக்கிற உள்பக்கம்தான் சரி.

அடைக்கலநாதன்: அதைத்தான் நாங்களும் சொன்னனாங்கள் பிள்ளை. போன முறை வைச்சதும் இதிலைதான், ஒண்டும் தப்பேல்லை. உள்பக்கத்திலை வெளிச்சம் காணாது, படம் வடிவா வராது எண்டிச்சினம்.

றஜிந்தன்: படமோ?

அடைக்கலநாதன்: படம்தான். சரி, வெயிலுக்கை நிக்காதையுங்கோ. என்ன பை அது? சாப்பாடோ?

மதுரா: ஓம். புட்டு.

அடைக்கலநாதன்: இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. ஆனா மரத்துக்குப் பின்னாலை போகாதையுங்கோ. பலகைக்குக் கீழை இருங்கோ. அதுக்குக் கீழை இருக்கிறவையை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். நான் வலைக்குப் போறன்.

றஜிந்தன்: நல்ல மனிசன்.

மதுரா: ஓம்.

றஜிந்தன்: இந்த நிழல் ஒராளுக்குத்தான் காணும். நீர் இரும்.

மதுரா: நீங்களும் இருங்கோ. தள்ளி இருக்கிறன்.

றஜிந்தன்: புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை... முட்டை ரண்டு. கரண்டி ரண்டு. மத்தியானச் சாப்பாடு அவை தருவினம் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீர், மதுரா?

மதுரா: ம்.

றஜிந்தன்: நேற்றே தெரியும் என்ன?

மதுரா: இரவு குறூப்பிலை போட்டவை. நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லேல்லை. விடிய எழும்பிப் புட்டு அவிச்சனான். அவை சாப்பாடு தரமாட்டினமாம் எண்டு அம்மாவுக்குச் சொன்னன்.

றஜிந்தன்: நீர் பொய் சொல்லுவீர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

மதுரா: வேறை எப்பிடி உங்களோடை கதைக்கிறது? போனிலை எண்டா பக்கத்திலை அம்மா. வீட்டுக்கு வந்தா நாலு பேர். இருவது பேர் வந்திருந்தாலும் கதைச்சிருக்கேலாது. நடுகை இல்லை எண்டு வாசிச்ச உடனை எனக்கு... சந்தோசமாயிருந்துது. கண்டலுக்குப் பாவம்தான்.

றஜிந்தன்: முட்டையை எடும்.

மதுரா: நீங்கள் ஏன் ஆச்சரியப்படேல்லை?

றஜிந்தன்: எதுக்கு?

மதுரா: அந்த ஐயா சொல்லேக்கை. நடுகை இல்லை எண்டு. நான் உங்களைப் பாத்தனான். நீங்கள் என்னைத்தான் பாத்தனீங்கள். இருவது பேர் நட வாற இடத்துக்கு ஹாட்வெயார்க்காரர் ஒரு மண்வெட்டியும் கொண்டு வரேல்லை.

றஜிந்தன்: வாகீசன் என்ரை கடையிலைதான் மண்வெட்டி எடுக்க இருந்தவன். நேற்றுப் பின்னேரம் வந்து வேண்டாம் எண்டு சொல்லிட்டுப் போனவன்.

மதுரா: அப்ப உங்களுக்கும் தெரியும்.

றஜிந்தன்: உமக்கு முதலே தெரியும்.

மதுரா: தெரிஞ்சும் ஏன் வட்டுக்கோட்டைக்கு வந்தனீங்கள்?

றஜிந்தன்: கொஞ்சம் பொறும். விக்குது. தண்ணியைத் தாரும்.

மதுரா: பலகை ஒண்டும் இல்லை இப்ப. தலைக்கு மேலை இருக்கிறதை ஏற்கெனவே வாசிச்சாச்சு.

றஜிந்தன்: ...மாமி போன் எடுத்தவ.

மதுரா: எங்கடை அம்மாவோ? எப்ப?

றஜிந்தன்: வியாழன் பின்னேரம். கடைக்கு. பேராதனைக் கதை முழுக்கச் சொன்னவ. நீங்கள் சொன்னா அவள் கேப்பாள் தம்பி, போகவேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ எண்டு.

மதுரா: நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

றஜிந்தன்: ஓம் மாமி எண்டு சொன்னன். கடையிலை சனம் நிண்டது. அவ அழுதுகொண்டு கதைக்கிறா. நான் வேறை என்ன சொல்ல?

மதுரா: அப்ப சொல்லுங்கோ.

றஜிந்தன்: என்னத்தை?

மதுரா: சொல்ல வந்ததை.

றஜிந்தன்: வட்டுக்கோட்டையிலையிருந்து சொல்லப் பாத்துக்கொண்டு வாறன். ஒவ்வொருக்காலும் நீர் தொடங்கேக்கை இப்ப சொல்லுவம் எண்டு நினைப்பன். வாய்க்கு வராது. ஏதாவது பலகை வரும், அதை வாசிச்சுப் போடுவன்.

மதுரா: ஏன் வரேல்லை?

றஜிந்தன்: தெரியேல்லை. ...அங்கை என்னத்தைப் படிக்கப் போறீர்? மாமி அதைச் சொல்லேல்லை. ஏதோ புல்லுப் படிப்பு எண்டு சொன்னவ.

மதுரா: நெல்லு.

றஜிந்தன்: நெல்லிலை என்ன?

மதுரா: உங்களுக்கு அலுக்கும்.

றஜிந்தன்: நான் நாள் முழுக்க ஆணி நிறுக்கிறவன். அலுக்கட்டும், சொல்லும்.

மதுரா: கடைசி வருசம் கம்பஸிலை ஒரு பரிசோதனை செய்தனான். உப்புத் தண்ணி விட்டு நெல்லு வளக்கிறது. பேசினுக்குள்ளை வைச்சு. எல்லா இனமும் ஒண்டொண்டாச் செத்துப்போச்சு. முதல் இலை நுனி காயும், பேந்து முழுக்க. ஒண்டு மட்டும் நிண்டது. இஞ்சை தென்மராட்சியிலை ஒரு ஐயாவிட்டை வாங்கின விதை, பேரும் அவருக்குச் சரியாத் தெரியாது. நான் பிழையாத்தான் லேபல் ஒட்டிப்போட்டன் எண்டு நினைச்சன். திருப்பி முதலிலையிருந்து செய்தனான். திருப்பியும் நிண்டது. கதிரும் தள்ளினது. அது உப்பை வேரிலையே மறிச்சு வைச்சிருக்குது, மேலை விடுறேல்லை. எப்பிடி மறிக்குது எண்டுதான் தெரியேல்லை. அதைப் பாக்கிற கருவி அங்கைதான் இருக்கு. உங்கடை பக்கத்திலையும் உவர் ஏறி எத்தினை வயல் சும்மா கிடக்குது... அது விளங்கினா அந்த வயலெல்லாம்... நான் கனக்கக் கதைக்கிறன் என்ன?

றஜிந்தன்: நிப்பாட்டாதையும்.

மதுரா: முடிஞ்சுது.

றஜிந்தன்: இவ்வளவு சத்தமா நீர் கதைச்சு நான் கேக்கேல்லை. அந்த ஐயா வலையை விட்டிட்டுத் திரும்பிப் பாத்தவர்.

மதுரா: ஐயோ.

றஜிந்தன்: படத்திலை அழுற மாதிரி நிண்டது இதுக்குத்தானோ?

மதுரா: எழுத்துக்கு முதல் நாள் நேர்முகப் பரீட்சை. போனிலை. நல்லாச் செய்தனான். செய்து முடிச்சிட்டு வந்து கையிலை மருதோண்டி போட இருந்தன். கிடைச்சா என்ன செய்யிறது எண்டு தெரியாமல்...

றஜிந்தன்: என்னட்டைச் சொல்லியிருக்கலாம்.

மதுரா: அப்ப உங்களை எனக்குத் தெரியாது.

றஜிந்தன்: இப்ப?

மதுரா: இப்ப... வளைவு இல்லாத இடத்திலையும் ஸ்பீட்டைக் குறைக்கிற ஆள் எண்டு தெரியும்.

றஜிந்தன்: அது காணுமோ?

மதுரா: கொஞ்சம் காணும்.

றஜிந்தன்: ஆவணியிலை கலியாணத்துக்கு ஒரு கிழமை லீவு தருவினமோ அங்கை?

மதுரா: கேட்டா தருவினம். ஒரு கிழமையிலை கலியாணமோ?

றஜிந்தன்: பாதி முடிஞ்சுதுதானே. மிச்சப் பாதிக்கு ஒரு கிழமை காணும்.

மதுரா: உங்கடை அம்மா?

றஜிந்தன்: அம்மா ஒரு மணித்தியாலம் கதைப்பா. நான் ஓம், ஓம் எண்டு கேப்பன். மாசத்துக்கு ஒருக்கா கடையைத் தம்பியிட்டை விட்டிட்டு இரவு பஸ் ஏறி வாறன். உமக்கு நேரம் இல்லை எண்டா தூரத்திலை நிண்டு பாத்திட்டுப் போறன்.

மதுரா: எங்கடை அம்மா?

றஜிந்தன்: மாமிக்கு நான் எடுக்கிறன், இண்டைக்கே. நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, நான்தான் போகச் சொன்னனான் எண்டு சொல்லுறன். பழி என்ரை தலையிலை இருக்கட்டும். திங்கக்கிழமைதானே கடைசி. வீட்டை போன உடனை எழுதும். ஓம், வாறன் எண்டு எழுதும். நான் சொல்லுறன். போட்டு வாரும்.

மதுரா: ...

றஜிந்தன்: அழுறீரோ?

மதுரா: இல்லை.

றஜிந்தன்: அப்ப ஏன் முகத்தைத் திருப்புறீர்? ...சிரிக்கிறீரோ? சத்தமாத்தான் சிரிக்கிறீர்! என்ன, சொல்லும்!

மதுரா: இஞ்சருங்கோ... கோவிக்காதையுங்கோ. அவைக்குப் போன புதன்கிழமையே ஓம் எண்டு எழுதி அனுப்பிப் போட்டன். நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு தெரியத்தான் விடிய எழும்பிப் புட்டு அவிச்சனான்.